எங்கிருந்து எண்ணுவது? முதுகுத்தண்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

வந்தவர் உட்காரவில்லை. நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு, எடை முழுவதையும் இடது காலில் வைத்து, வலது முழங்காலை லேசாக மடக்கியபடி நின்றே பேசினார். வயது 41. பதினொரு வாரத்துக்கு முன் கனமான இரும்பு அலமாரியைக் குனிந்து தூக்கித் திருப்பும்போது இடுப்பில் சடக்கென்று ஏதோ பிடித்தது. இரண்டு நாளில் இடுப்பு வலி குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக வலது பின்தொடையில் தொடங்கி, காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம் வரை வெட்டி இழுக்கும் வலி வந்தது. தும்மினால் சுள்ளென்று பாயும்.

"நரம்புக்கே ஊசி போட்டாங்க சார், ஒரு மாத்தமும் தெரியலை. இனி ஆபரேஷன்தான்னு சொல்றாங்க. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு தடவை காட்டலாம்னு வந்தேன்" என்றார்.

நான் இயன்முறை மருத்துவர். ஊசி போடுவதோ அறுவை செய்வதோ என் வேலை இல்லை. தொட்டு, அசைத்து, தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அவர் கையில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றில் வலி வந்த வாரத்தில் எடுத்த எக்ஸ்-ரே. இன்னொன்றில் இடுப்புப் பகுதியின் எம்.ஆர்.ஐ. அறிக்கை. 'எல்5-எஸ்1 இடைத்தட்டு வலப்புறமாகப் பின்பக்கவாட்டில் பிதுங்கி, எஸ்1 நரம்பு வேரை அழுத்துகிறது' என்பது அறிக்கையின் சாரம். எல்5, எஸ்1 என்பவை கீழ்முதுகின் அடுத்தடுத்த எலும்புகளின் பெயர்கள்; அவற்றுக்கு நடுவே உள்ள மெத்தைதான் இடைத்தட்டு. நரம்பு வேர் என்பது முதுகெலும்பிலிருந்து காலுக்குப் போகும் நரம்பின் தொடக்கம்; அதற்கும் எலும்பின் பெயரே. (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

பரிசோதனையில் கண்டது

அறிக்கையைப் படித்துவிட்டுப் பரிசோதித்தால் கண் அதையே தேடும். ஆகவே உறையை மூடி வைத்துவிட்டுக் காலைப் பார்த்தேன்.

மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலைத் தூக்கியபோது 40 டிகிரியிலேயே வலி பாதம் வரை ஓடியது. இடது காலை 80 டிகிரி வரை தூக்க முடிந்தது. நரம்பு வேர் ஏதோ ஓரிடத்தில் சிக்கியிருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. எந்த வேர் என்பதை இது சொல்லாது.

அதைச் சொல்வது தசையும் உணர்ச்சியும் அனிச்சைச் செயலும்தான். முன்பாதத்தில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னேன். சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று, வலியைப் பொறுத்தபடி இருபது தடவை உயர்த்தினார். கெண்டைத் தசை உறுதியாக இருந்தது. குதிகாலில் நடக்கச் சொன்னபோது மூன்றாவது அடியிலேயே வலது முன்பாதம் தரையைத் தட்டியது. பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொல்லி என் விரலால் அழுத்தினேன். இடது பெருவிரல் அழுத்தத்துக்கு இறங்காமல் உறுதியாக நின்றது; வலது பெருவிரல் மெல்ல இறங்கியது. வலுவின் அளவு 5-இல் 4. பாதத்தின் மேற்புறத்திலும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட பிளவிலும் பஞ்சு பட்டது அவருக்குத் தெரியவில்லை. சுண்டுவிரல் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தது. குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டியபோது இரண்டு பாதமும் ஒரே அளவு துள்ளின.

இந்தத் துறையில் இருப்பவர்கள் இதற்குள் முகம் சுளித்திருப்பார்கள். எஸ்1 வேர் அழுந்தினால் குதிகால் அனிச்சைச் செயல் மங்கும், கெண்டைத் தசை தளரும், பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். இவருக்கு மூன்றும் இல்லை. பெருவிரல் தளர்ச்சி, பாத மேற்புற மரப்பு, குறையாத குதிகால் துள்ளல் ஆகிய மூன்றும் எல்5 வேரின் முகவரி. அறிக்கை சொன்ன வேர் ஒன்று, கால் சொன்ன வேர் ஒன்று.

ஸ்கேனில் தட்டு பிதுங்கியிருப்பது மட்டுமே வலிக்குக் காரணம் ஆகிவிடாது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஒரு தட்டிலாவது புடைப்பும், 27 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தன. அதனால்தான் படமும் காலும் ஒரே வேரைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறோம். காட்டாவிட்டால், அறிக்கையில் உள்ள எண் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

33 என்ற கணக்கு

பாடப்புத்தகக் கணக்கு எளிது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, ஒன்றாய் இணைந்து திருவெலும்பாகிவிட்ட 5, வால் எலும்பில் 4. மொத்தம் 33 முள்ளெலும்புகள். இவற்றில் தனித்தனியாக அசைபவை மேலே உள்ள 24. கழுத்துக்கு சி, மார்புக்கு டி, இடுப்புக்கு எல், திருவெலும்புக்கு எஸ் என்ற எழுத்தோடு, மேலிருந்து கீழாக எண் சேர்த்துப் பெயர் வைக்கிறோம். எல்5 என்றால் இடுப்பின் ஐந்தாவது எலும்பு.

மேலிருந்து எண்ண ஒரு காரணம் உண்டு. உச்சியில் இருக்கும் இரண்டையும் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மற்ற எலும்புகளின் முன்பக்கத்தில் உள்ள திண்டு போன்ற பகுதி சி1-க்குக் கிடையாது, வெறும் வளையம்; மண்டையைத் தாங்குகிறது. சி2-இன் உச்சியில் பல்லைப்போல ஒரு முளை நிமிர்ந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. தலையை இடம் வலமாகத் திருப்பும்போது அந்தத் திருப்பலில் பாதிக்கு மேல் இந்த முளையைச் சுற்றித்தான் நடக்கிறது. படத்தில் அந்தப் பல் தெரிந்தால் அது சி2. கீழ்முனையில் இப்படி ஓர் உறுதி இல்லை. வால் எலும்பில் துண்டுகள் மூன்றாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். திருவெலும்பின் ஐந்து துண்டுகள் பிறக்கும்போது தனித்தனியாக இருந்து, பதின்பருவத்தில் தொடங்கி இருபதுகளில்தான் முழுமையாக இணைகின்றன. எல்லை இப்படி இளக்கமாக இருக்கும் இடத்தில்தான் பிசகு நடக்கிறது.

எலும்புகளுக்கு நடுவே இடைத்தட்டுகள் உள்ளன. 'டிஸ்க் விலகிடுச்சு', 'ஜவ்வு விலகிடுச்சு' என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். சி1-க்கும் சி2-க்கும் நடுவே தட்டு இல்லை. சி2-சி3-இல் தொடங்கி எல்5-எஸ்1 வரை 23 தட்டுகள். விலகிடுச்சு என்ற சொல் ஒரு தவறான படத்தை மனதில் போடுகிறது. அடுக்கிய தட்டுகளில் ஒன்று வழுக்கி வெளியே வந்ததுபோல நினைக்கிறோம். தட்டு எங்கும் வழுக்குவதில்லை. மேல், கீழ் எலும்புகளோடு அது இறுகப் பின்னிக் கிடக்கிறது. நடுவில் நீர் நிறைந்த கூழ். சுற்றிலும் 15 முதல் 25 அடுக்கு நார் வளையங்கள். ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாயும், பாய் முடைந்ததுபோல. உள்ளே இருக்கும் கூழ் நார் அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு வெளியே தள்ளுவதுதான் பிதுக்கம்.

அலமாரி தூக்கியபோது என்ன நடந்திருக்கும்? உயிருள்ள மனிதர் ஒருவரின் இடைத்தட்டுக்குள் அழுத்தமானியைப் பொருத்தி எடுத்த அளவுகள் 1999-இல் வெளிவந்தன. தளர்ந்து படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல், நிற்கையில் 0.5, முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கும்போது 2.3. குனியும்போது தட்டின் முன்பக்கம் நசுங்கிக் கூழ் பின்னால் தள்ளப்படுகிறது. கூடவே திருகினால், ஒரு பக்கம் சாய்ந்த நார்கள் மட்டும் இழுபட, எதிர்ப்பக்கம் சாய்ந்தவை தளர்ந்து நிற்கும். பாதி நார்களே சுமையைத் தாங்க வேண்டும். பின்பக்க நடுவில் நெடுக ஓடும் தசைநார் ஒரு பட்டைபோலக் காக்கிறது. ஆனால் அது இடுப்புக்கு இறங்க இறங்க ஒடுங்கிவிடுகிறது. எனவே கூழ் நேர் பின்னால் வராமல், பட்டை இல்லாத பக்கவாட்டு மூலையில் வழி தேடுகிறது. நரம்பு வேர் கடந்துபோவதும் அதே மூலையில்தான்.

எந்தத் தட்டு, எந்த வேர்

மாணவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இது. எல்4-எல்5 தட்டு பிதுங்கினால் எல்4 வேர் நசுங்கும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் நசுங்குவது எல்5.

தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இறங்குவதில்லை. வளர்ந்தவர்களில் அது எல்1, எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குழாய்க்குள் தொங்குவது குதிரை வால்போன்ற நரம்பு வேர்க் கற்றை மட்டும். ஒவ்வொரு வேரும் தன் எலும்பின் கீழ்ப்பக்கமாக, பக்கவாட்டுத் துளை வழியே வெளியேறுகிறது. எல்4 வேர் எல்4 எலும்பின் கீழே வெளியேறும். ஆனால் அந்தத் துளையின் மேற்பாதியை ஒட்டியே, தட்டின் மட்டத்துக்குச் சற்று மேலேயே போய்விடுகிறது. தட்டின் பின்மூலையில் பிதுக்கம் வரும்போது எல்4 வேர் அங்கே இல்லை. அடுத்த துளைக்குப் போக வேண்டிய எல்5 வேர்தான் அந்த மூலையை உரசியபடி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பேருந்து ஒரு நிறுத்தத்தைக் கடக்கும்போது, இறங்கியவர் போய்விட்டார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவர் வாசலில் நிற்கிறார் என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். வாசலில் நிற்பவருக்குத்தான் அடி. பிதுக்கம் துளைக்குள்ளேயோ அதற்கும் வெளியேயோ வந்தால் மட்டும் எல்4 அகப்படும்.

கழுத்தில் கணக்கு வேறு. அங்கே வேர்கள் தம் எண்ணுள்ள எலும்பின் மேல்பக்கமாக வெளியேறுகின்றன. ஏழு எலும்புக்கு எட்டு வேர். எட்டாவது சி7-க்கும் டி1-க்கும் நடுவே வெளியேற, அங்கிருந்து கீழே எல்லாம் 'எலும்பின் கீழே' என்று மாறுகிறது. மொத்தம் 31 ஜோடி.

ஆக, இவர் காலில் கண்ட எல்5 அறிகுறிகளுக்குப் பொருத்தமான குற்றவாளி எல்4-எல்5 தட்டு. அறிக்கையோ எல்5-எஸ்1 என்றது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தேன். பிதுக்கம் ஒன்றே ஒன்று. வேறு தட்டு எதுவும் வேரைத் தொடவில்லை. தட்டு பிழையில்லை, பெயர்தான் பிழையோ?

பென்சிலும் எக்ஸ்-ரேயும்

பழைய எக்ஸ்-ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். முன்பின்னாக எடுத்த படம். கீழ் விலா எலும்புகள் தெரிந்தன. கடைசி விலா எலும்பு ஒட்டியிருக்கும் எலும்பை டி12 என்று கொண்டு, அதற்குக் கீழே பென்சிலால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது தனியாக இல்லை. அதன் இரண்டு குறுக்குக் கிளைகளும் மற்றவற்றைப்போல மெலிந்து நீளாமல், பட்டாம்பூச்சி இறக்கைபோல அகன்று இறங்கித் திருவெலும்போடு ஒட்டிக் கிடந்தன. எம்.ஆர்.ஐ.யில் அதன் கீழே தட்டு என்று ஒன்று இருந்தது. ஆனால் கீற்றுபோல, வளராமலே நின்றுபோனது.

இடுப்பின் ஐந்தாவது எலும்பு திருவெலும்போடு சேர்ந்துவிட்ட அமைப்பு இது. எதிர்த்திசையிலும் நடக்கும்: திருவெலும்பின் முதல் துண்டு பிரிந்து நின்று, இடுப்பில் ஆறு எலும்பு இருப்பதுபோலத் தோன்றும். இரண்டையும் சேர்த்து இடைநிலை முள்ளெலும்பு என்கிறோம். இது அபூர்வமில்லை. ஆய்வுக்கு ஆய்வு அளவுகோல் மாறுவதால், 4 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கும் மேல் வரை கணக்கு சொல்கிறார்கள். இதையும் முதுகு வலியையும் தொடர்புபடுத்தி இத்தாலிய மருத்துவர் பெர்ட்டொலொட்டி 1917-இலேயே எழுதினார். இணைப்பு எவ்வளவு முழுமை என்பதை வைத்து காஸ்டெல்வி 1984-இல் நான்கு வகையாகப் பிரித்தார்: கிளை அகன்றிருப்பது மட்டும் முதல் வகை, போலி மூட்டு இரண்டாம் வகை, எலும்போடு எலும்பு முழுதும் இணைவது மூன்றாம் வகை, ஒரு பக்கம் இரண்டாம் வகையும் மறுபக்கம் மூன்றாம் வகையும் இருந்தால் நான்காம் வகை. இவருக்கு இரு பக்கமும் மூன்றாம் வகை.

கருவில் முதுகெலும்புத் துண்டுகள் உருவாகும்போது எது மார்பு, எது இடுப்பு, எது திருவெலும்பு என்பதை ஹாக்ஸ் எனப்படும் மரபணுக் குடும்பம் தீர்மானிக்கிறது. எல்லைக்கோடு ஒரு துண்டு மேலே ஏறினாலும் இறங்கினாலும் பிள்ளை ஆரோக்கியமாகவே பிறக்கும். தன் எல்லைக்கோடு ஏறியிருப்பது இவருக்கு நாற்பத்தொரு வருடமாகத் தெரியாது.

இப்போது அறிக்கை எழுதியவரின் இடத்தில் நின்று பார்த்தேன். இடுப்பு எம்.ஆர்.ஐ.யின் பக்கவாட்டுப் படத்தில் கழுத்து கிடையாது. விலா எலும்பும் தெளிவாகக் கிடைக்காது. எனவே கடைசியாக முழு உருவம் பெற்ற தட்டைப் பிடித்து, அதை எல்5-எஸ்1 என்று கொண்டு, கீழிருந்து மேலாக எண்ணுவது பழக்கம். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவே வரும். இவருக்கு அந்தக் கடைசித் தட்டு உண்மையில் எல்4-எல்5. ஓர் எலும்பு பிசகியது.

ஊசி போட்டவரின் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படித்தேன். அவர் சி-ஆர்ம் என்ற நேரடி எக்ஸ்-ரே கருவியின் திரையில் கடைசி விலா எலும்பிலிருந்து கீழே எண்ணி, ஒட்டிய எலும்பை எல்5 என்று சரியாக அடையாளம் கண்டு, அதற்கும் கீழே எஸ்1 துளையில் மருந்தைச் செலுத்தியிருக்கிறார். அறிக்கை எஸ்1 என்றது. அவர் உண்மையான எஸ்1-ஐக் கண்டுபிடித்தார். ஊசி குறி தவறவில்லை. ஒருவர் கீழிருந்து எண்ணினார், மற்றவர் மேலிருந்து எண்ணினார். எங்கிருந்து எண்ணினோம் என்று இருவரும் எழுதவில்லை. நடுவே ஒரு மனிதர் நின்றுகொண்டே இருந்தார். இதே எண்ணோடு அறுவை மேசைக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஓர் எச்சரிக்கை

பெருவிரலை வைத்தே எலும்பின் எண்ணைச் சொல்லிவிடலாம் என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இடைநிலை எலும்பு உள்ளவர்களில் வேர்களின் வேலைப் பங்கீடும் சில சமயம் ஒரு படி நகர்ந்திருக்கும்; வழக்கமாக எல்5 செய்வதை எல்4 செய்யும் நபர்களும் உண்டு. இதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கால், 'மறுபடி எண்ணு' என்று சொன்னது. விடையைச் சொன்னது எண்ணிக்கைதான்.

முதுகைத் தொட்டு எண்ணுவதையும் நான் முழுதாக நம்புவதில்லை. குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் சி7, தோள்பட்டையின் கீழ்முனைக்கு நேரே டி7, இரு இடுப்பெலும்பு விளிம்புகளையும் இணைக்கும் கோட்டில் எல்4 என்பவை நல்ல அடையாளங்கள். ஆனால் ஒரு படி பிசகுவது அனுபவசாலிக்கும் நேரும். விலா எலும்பை நம்பி எண்ணுவதிலும் ஆபத்து உண்டு. பன்னிரண்டாவது விலா சிலருக்குக் குட்டையாகவோ இல்லாமலோ இருக்கும், சிலருக்கு எல்1-இலும் முளைத்திருக்கும். என் பென்சில் புள்ளிகளும் தீர்ப்பு அல்ல. முழு முதுகெலும்பையும் ஒரே பக்கவாட்டுப் படமாக எடுத்து, பல் முளையோடு நிற்கும் சி2-இலிருந்து கீழே எண்ண வேண்டும். சில நிமிட வேலைதான்.

அதன் பிறகு

கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி, எக்ஸ்-ரேயோடு அறுவை நிபுணருக்கு அனுப்பினேன். அவர் உடனே முழு முதுகெலும்புப் படம் எடுக்கச் செய்தார். கழுத்தில் 7, மார்பில் 12, தனித்து நிற்கும் இடுப்பு எலும்பு 4, திருவெலும்போடு ஒட்டியது 1. பிதுங்கியது எல்4-எல்5 தட்டு, அழுந்தியது எல்5 வேர் என்று அறிக்கை திருத்தப்பட்டது. இது தற்செயலும் அல்ல. ஒட்டிய எலும்பின் கீழே அசைவு இல்லாததால் அந்தத் தட்டு பாதுகாப்பாக இருக்கும். அதன் பங்குச் சுமையும் சேர்ந்து மேலே உள்ள தட்டில் இறங்கும்.

மரப்பு தொடையிடுக்கிலோ ஆசனவாயைச் சுற்றியோ பரவினால், சிறுநீர் தடைபட்டால், அன்றைக்கே அறுவை தேவைப்படும் என்று வலியோடு வந்தவருக்கு முதலிலேயே சொல்லியிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. பெருவிரல் வலுவும் மேலும் குறையவில்லை. எனவே அறுவையைத் தள்ளிவைத்து, இம்முறை எல்5 வேரை நோக்கி ஊசி போட்டார்கள். பத்துக்கு 8 என்று சொன்ன வலி இரண்டு வாரத்தில் 3-க்கு இறங்கியது. ஊசி வீக்கத்தைத்தான் தணிக்கும். வெளியே வந்த கூழை உடலின் வெள்ளணுக்களே மெல்ல அரித்துச் சுருக்குகின்றன. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அந்த அவகாசத்தில் நடை, முதுகை நிமிர்த்தும் பயிற்சி, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கிக் குனியும் பழக்கம் ஆகியவற்றைச் சேர்த்தோம்.

மூன்றாவது வாரம் அவர் கேட்டார்: "சார், அப்போ என் முதுகு எலும்புல பிறவிக் குறையா?"

"குறை இல்லைங்க. எல்லாருக்கும் உள்ள எலும்பு உங்களுக்கும் இருக்கு. ஒண்ணு மட்டும் கீழ் வீட்டுக்காரரோட சேர்ந்துடுச்சு. யார் உங்களுக்கு முதுகுல ஊசி போட்டாலும், ஆபரேஷன் பண்ணாலும், அதை முதல்ல சொல்லிடுங்க" என்றேன்.

ஆறாவது மாதம் கடைசியாக வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினார். வலது கால் 75 டிகிரி வரை வலியில்லாமல் உயர்ந்தது. குதிகாலில் அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். பெருவிரலை நிமிர்த்தச் சொல்லி அழுத்தினேன், இறங்கவில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணய அளவில் மட்டும் மரப்பு பாக்கி இருந்தது. எக்ஸ்-ரேயையும் திருத்திய அறிக்கையையும் ஒரே உறையில் போட்டு வைத்திருந்தார். உறையின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: 'சி2-இலிருந்து எண்ணியது. இடுப்பில் தனி எலும்பு 4.'